குளியலறையில் விழுந்தவர்

எக்ஸ்ரே எடுக்க அனுப்பும் துண்டில் ஒரு பெட்டி இருக்கிறது. நோயாளியின் பெயர், வயது, எந்தப் பகுதியைப் படம் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் மேலே வரும். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம். என்ன நடந்தது, எதற்காக அனுப்புகிறோம் என்று டொக்டர் எழுதவேண்டிய இடம் அது. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவருக்கு நோயாளியின் முகம் தெரியாது. அந்தப் பெட்டியில் இருப்பதை வைத்துத்தான் அவர் படத்தைப் படிப்பார். முக்கால்வாசி நாள் நான் அதில் 'வலி' என்று ஒரு சொல்லைக் கிறுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரேயொரு தடவை யோசித்து, கவனமாக, முழு வசனமாக எழுதினேன். எழுதியது பொய்.

அந்தத் துண்டுக்குரியவர் நவரட்ணராஜா. அரச கந்தோர் ஒன்றில் தலைமைப் படவரைஞர். மதகு, வாய்க்கால், நிலத்துக்குக் கீழே ஓடும் குழாய் எல்லாவற்றையும் தாளில் கொண்டுவருகிற மனிதர். கண்டிக்கு வந்து முப்பது வருடம், கட்டுக்கலையில் வீடு. நான் அவரை ராஜா அண்ணை என்பேன். அவர் என்னை டொக்டர் என்பார். பிள்ளையார் கோயில் பரிபாலன சபையில் இருவரும் இருந்தோம். வெள்ளிக்கிழமைப் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தேவாரம் படிப்போம். அவருக்கு நல்ல குரல், எனக்கு இல்லை. அதைச் சொல்லிக் காட்ட அவர் ஒருநாளும் தவறியதில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கண்டி டவுனில் இருந்த எங்கள் டொக்டர்மார் ஒவ்வொருவராகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். நான் போகவில்லை. வீரம் என்று நினைக்கவேண்டாம், பிடிவாதம். துணிக்கடைக்கு மேலே இருந்த என் டிஸ்பென்சரிக்கு மிஞ்சியிருந்த சனம் எல்லாம் வந்தது. கட்டுக்கலையிலிருந்து கந்தோர்க்காரர்கள், மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து ஞாயிறு பஸ்ஸில் வருகிறவர்கள், அக்குறணைக் கடைக்காரர்கள். சிங்களம் தெரியாமல் வந்தவர்கள் இல்லை. நோவைச் சொந்தப் பாஷையில் சொன்னால்தான் முழுவதும் சொன்ன மாதிரி இருக்கும், அதற்காக வந்தார்கள். விமலநாதன் டொக்டரிடம் போனால் சரி என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

தொண்ணூற்றாறில் ராஜா அண்ணை ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். லண்டனிலிருந்து மைத்துனர் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியது. ஐம்பது கடந்த ஆண்களுக்கு புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வரலாம், அதை முன்கூட்டிக் காட்ட ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்று அதில் போட்டிருந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. செய்து பார்ப்பமோ என்று கேட்டார்.

நான் அவருக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். அந்த இரத்தக் கணக்கு புற்றுநோய்க்கும் கூடும், வயதுபோய்ச் சும்மா வீங்கிய சுரப்பிக்கும் கூடும். கூடினால் ஊசி குத்திச் சதை எடுக்கவேண்டும், அதனால் கிருமி தொற்றலாம். கண்டுபிடிக்கிற புற்றில் பலது ஆமை வேகத்தில் போகிறது, ஆள் வேறு எதனாலோ செத்துப்போவார். ஆகவே வருத்தம் இல்லாதவனுக்கு இந்தப் பரிசோதனை நன்மை செய்யுமோ தீமை செய்யுமோ என்று வெள்ளைக்காரனுக்கே இன்னும் தெரியாது. அவ்வளவும் சரியான பேச்சு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அது பாதிப் பேச்சு. குடும்ப டொக்டர் என்றால் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். இரவில் எத்தனை தரம் சலம் போக எழும்புகிறீர்கள்? குடும்பத்தில் ஆருக்கும் இருந்ததா? பிறகு கையுறையைப் போட்டு, பின்பக்கத்தால் ஒரு விரலைவிட்டுச் சுரப்பியைத் தடவிப் பார்க்கவேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு, நல்லதையும் கெட்டதையும் சொல்லியாயிற்று, விருப்பம் உங்களுடையது என்று விடவேண்டும். நான் ஒன்றையும் கேட்கவில்லை, விருப்பத்தையும் அவரிடம் விடவில்லை. அவருடைய தகப்பன் சொந்த ஊரான கைதடியில் சலம் அடைத்து, முள்ளந்தண்டு நோகுது நோகுது என்று கத்திச் செத்தவர் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. விரலைவிட்டுப் பார்க்காததற்குக் காரணம் வெட்கம். அவருக்கல்ல, எனக்கு. வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்று தேவாரம் படிக்கிற மனிதரைக் காற்சட்டையை இறக்கிச் சரிந்து படுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு அவர் போனார்.

பிறகு தொண்ணூற்றெட்டு, புத்தரின் பல் இருக்கும் மாளிகைக்குக் குண்டு வைத்த வருடம் வந்தது. அந்த ஜனவரிக்குப் பிறகு கண்டியில் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே மெதுவாகத்தான் நடந்தோம். பெப்ரவரியில் ராஜா அண்ணையைக் கந்தோரிலிருந்து வரும் வழியில் பிடித்தார்கள். அவருடைய பையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவுநீர்க் குழாய் வரைபடம் இருந்தது. குழாய் போகும் வழி உனக்கு ஏன் தெரியவேண்டும் என்று கேட்டார்களாம். நான்தானே வரைந்தது என்று இவர் சொல்லியிருக்கிறார். அது நல்ல பதிலாக எடுபடவில்லை. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அவருடைய மேலதிகாரி, ஒரு சிங்கள மனிதர், நாள்தோறும் காலையில் போய்ப் பொலிஸ் வாசலில் நின்று, பன்னிரண்டாம் நாள் வெளியே கொண்டுவந்தார்.

அன்றைக்கு மத்தியானமே ராஜா அண்ணையின் மனைவி கமலாசனி அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். சேட்டைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய்க்குள் மணலை நிரப்பி அடித்திருந்தார்கள். தோள்மூட்டிலிருந்து இடுப்புவரை கன்றிக் கறுத்துப்போய் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் காதில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் எறிந்தேன். என் எதிர்ப்பு அந்த மேசையோடு முடிந்தது.

கன்றல் மூன்று கிழமையில் மாறியது. இடுப்பு நோ மாறவில்லை. ஊசி போட்டேன், குளிசை கொடுத்தேன், தடவ எண்ணெய் கொடுத்தேன். படுத்தால்தான் கூட நோகிறது என்றார். அடிபட்ட தசை அப்படித்தான் இறுகும் என்றேன். மெலிந்திருந்தார். பதினொரு நாள் உள்ளே இருந்தவன் கொழுத்தா வருவான் என்று நினைத்தேன். எதற்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, பதில் எல்லாம் அந்த அடியில்தான் போய் முடிந்தது. அவருக்கும் கமலாசனி அக்காவுக்கும் அப்படித்தான். எங்களில் ஆருக்கும் அந்த முதுகில் வேறொன்று இருக்கலாம் என்று தோன்றவேயில்லை.

ஒருத்திக்குத் தோன்றியது. மருந்து கட்டிக் கொடுக்கும் ஹபீலா, அக்குறணைப் பிள்ளை. ஏப்ரலில் ஒருநாள் திரைச்சீலைக்குள்ளால் தலையை நீட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"டொக்டர், அந்தப் பெரிய மனுசன் வந்து இருந்ததுல இருந்து மூணு தரம் கக்கூஸுக்குப் போயிட்டாரு. சரியில்ல போல ஈக்கிது."

பொலிஸில் அடி வாங்கியவனுக்குப் பயத்தில் சலம் அடிக்கடி போகும், நீ குளிசையை எண்ணு என்று சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் சிரித்தும் தொலைத்தேன். அவள் தலையை இழுத்துக்கொண்டு குளிசை எண்ணப் போனாள்.

அன்றைக்குத்தான் படம் எடுப்போம் என்று முடிவுசெய்தேன். அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் அடிகாயம் என்று எழுதினால் வாசலில் இருக்கும் பொலிஸ் மேசையில் பதியவேண்டும். ஆர் அடித்தது, எப்போது, எங்கே என்று கேட்பார்கள். அடித்தவர்களிடமே போய் அடித்ததைப் பதிவதா? தனியார் இடமொன்றுக்கு எழுதத் துண்டை எடுத்தேன். பெட்டிக்கு வந்ததும் பேனை நின்றது. துண்டு மூன்று நான்கு கை மாறும், அதில் எந்தக் கை எவருடையது என்று அந்த நாட்களில் ஆருக்குத் தெரியும்?

ராஜா அண்ணை என் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையை எழுதாதேங்கோ டொக்டர். திருப்பிக் கூப்பிடுவினம். இன்னொருக்கால் என்னாலை ஏலாது."

குளியலறை என்று எழுதுவோமா என்று நான்தான் கேட்டேன். எங்கள் வயதுக்காரர் விழுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் தலையை ஆட்டினார். 'பெப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பின் இடுப்பு வலி' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அடித்தவர்களை ஏமாற்றிவிட்டோம் என்று இருவருக்கும் ஒரு சின்னச் சந்தோசம்கூட.

மூன்றாம் நாள் படமும் அறிக்கையும் வந்தன. இடுப்பு முள்ளென்பு ஒன்று நசிந்திருக்கிறது, விழுந்ததால் வந்த முறிவோடு பொருந்துகிறது. அதன் விளிம்பில் வெண்மை கூடியிருக்கிறது, முறிவு ஆறிவருவதாக இருக்கலாம். எழுதியவரில் ஒரு பிழையும் இல்லை. விழுந்தவர் என்று நான் சொன்னேன், விழுந்தவரின் எலும்பை அவர் பார்த்தார். நான் அனுப்பிய பொய்யை அவர் திருத்தமான இங்கிலீசில் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார், நான் அதை நம்பினேன். ஆறிவருகிறதாம் அண்ணை என்று சொன்னேன்.

அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடம் கோடு பார்த்த கண். நெடுநேரம் பார்த்துவிட்டு, இடுப்புக்கூட்டுப் பக்கம் விரலை வைத்தார்.

"இஞ்சையும் ஒரு வெள்ளை தெரியுது. இந்த எலும்புமோ முறிஞ்சது?"

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று செக்கன் பார்த்திருப்பேன். வெளியே பதினைந்து பேர் இருந்தார்கள். அது குடலில் இருக்கிற காற்றும் கழிவும், படத்தில் அப்படித்தான் தெரியும் என்றேன். காற்று கறுப்பாகத்தான் தெரியும். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த விஷயம். அவர் சரி என்று படத்தை உறைக்குள் வைத்தார். டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அது.

ஜூலை கடைசியில் ஒரு காலை அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. சலம் அடைத்து வயிறு வீங்கியிருந்தது. கமலாசனி அக்கா போன் எடுக்க, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாடகை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே வாசலில் கேட்டபோதும், வார்ட்டில் கேட்டபோதும் குளியலறையில் விழுந்தேன் என்றே அவர் சொன்னார். கால் போன நேரத்திலும் அந்தப் பொய்யை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு இளம் சிங்களவர். வந்ததும் செய்த முதல் வேலை, கையுறையைப் போட்டு விரலைவிட்டுப் பார்த்ததுதான். ஒரு நிமிடம் ஆகவில்லை. கல்லு மாதிரி இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இரத்தக் கணக்கு ஆயிரத்துக்கு மேலே வந்தது. நாலுக்குள் இருக்கவேண்டியது. கதிர் மருந்து ஏற்றி எலும்புக்கூடு முழுவதையும் படம் பிடித்தார்கள். முள்ளந்தண்டு, விலா, இடுப்புக்கூடு எங்கும் புள்ளி. ஏப்ரலில் அவர் விரல் வைத்த அதே இடத்தில் பெரிதாக ஒன்று. நசிந்தது என்றும் ஆறிவருகிறது என்றும் நாங்கள் நம்பிய எலும்பு முழுக்கப் புற்று. அது இப்போது உடைந்து நரம்பை அமத்திக்கொண்டிருந்தது.

இந்த விழுந்த கதையை எழுதியது ஆர் என்று அவர் பழைய படத்தோடு இருந்த என் துண்டைக் காட்டிக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன், அடியையும் பயத்தையும். அவர் துண்டைப் படத்தின் உறைக்குள் திருப்பி வைத்தார். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புற்றுக்குத் தீனி போடும் சுரப்பை நிறுத்த விதையை எடுத்தார்கள், கதிர் பிடித்தார்கள். நோ குறைந்தது. கால் வரவில்லை. செப்டெம்பரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டு ஹோலில் கட்டில் போட்டு, சலத்துக்குக் குழாயும் பையுமாகக் கிடந்தார். கிழமைக்கு மூன்று தரம் நான் போய்க் குழாயைப் பார்த்து, முதுகுப் புண்ணைக் கழுவி வந்தேன். ஒவ்வொரு தரமும் என் பிழையை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போவேன். சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். கமலாசனி அக்கா என்னைப் படலை வரை வந்து வழியனுப்புவார். அவரை அடித்தவர்களைத் திட்டித் திட்டி அந்த மனுசிக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

நவம்பரில் ஒருநாள் அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும்தான். நான் கதிரையை இழுத்து இருந்து, அண்ணை, உங்களுக்கு ஒன்று சொல்லவேணும் என்று தொடங்கினேன். ராஜா அண்ணை கையைத் தூக்கினார்.

"தெரியும் டொக்டர். அந்தப் படத்திலை இருந்த வெள்ளையை நான் கண்டனான். நீங்களும் கண்டிருக்கலாம்."

"ஓம்."

"ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரிட்டை எல்லாம் விபரமாக் கேட்டன். ரெண்டு வருசத்துக்கு முதல் அந்த ரத்தம் பாத்திருந்தால் எண்டு கேட்டன். சொல்ல ஏலாது எண்டார். ஏப்ரலிலை பிடிச்சிருந்தால் எண்டு கேட்டன். வருத்தம் மாறியிராது, கால் எண்டாலும் தப்பியிருக்கும் எண்டார்."

குரலில் கோபம் இல்லை. ஒரு வரைபடத்தில் அளவு பிழைத்த இடத்தைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நான் அழுவதை அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். திரும்பிப் படுக்கக்கூட அவரால் ஏலாது. பிறகு நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா வந்ததும் அவவுக்கும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம்." முதல்தடவையாகக் குரல் தடித்தது. "அவ கேட்டால், அடிச்ச அடியாலை வந்த வருத்தம் எண்டு சொல்லுங்கோ."

"அது பொய் அண்ணை. அடியாலை புற்றுநோய் வராது."

"முந்தியும் பொய்தானே எழுதினனாங்கள். இதையும் எனக்காகச் சொல்லுங்கோ." மூச்சு வாங்கினார். "அவவுக்குப் பிரஷர் இருக்கு, சீனி இருக்கு. பிள்ளையள் ரெண்டும் கனடாவிலை. நான் போனாப் பிறகு அவ ஆரிட்டை மருந்துக்குப் போறது? இந்த டவுனிலை அவவுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. உங்களிலை நம்பிக்கை போச்செண்டால் மருந்தையே விட்டிடுவா. எனக்கு அவவைத் தெரியும்."

மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு அவர் வேலை கொடுத்துவிட்டார். அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று நான் நினைத்தது எவ்வளவு சுயநலம் என்று அப்போதுதான் விளங்கியது. படலை திறந்த சத்தம் கேட்டது. கமலாசனி அக்கா திருநீறு கொண்டுவந்து முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் பூசிவிட்டார்.

தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்க அவர் போனார். மகையாவைச் சுடலையில் எரித்தோம். பிள்ளைகள் வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துத் திரும்பிப் போனார்கள். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, வரிசையில் எட்டாவது ஆளாகக் கமலாசனி அக்கா டிஸ்பென்சரிக்கு வந்தார். வெள்ளைச் சேலை. மெலிந்திருந்தார். வழக்கம்போலக் கதிரையில் இருந்து இடது கையை மேசையில் நீட்டினார். நான் பிரஷர் பட்டியைச் சுற்றினேன்.

"டொக்டர், ஒண்டு கேக்கோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டு இருக்கிறன். அவருக்கு அந்த வருத்தம் அடியாலைதானே வந்தது?"

திரைக்கு அந்தப் பக்கம் குளிசை எண்ணும் சத்தம் நின்றது. ஹபீலாவுக்கு எல்லாம் தெரியும். நான் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் அக்கா. அடியாலைதான்."

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும் என்றார். பிறகு, நீங்கள் இல்லாவிட்டால் அவர் அந்த ஆறு மாதமும் இருந்திருக்கமாட்டார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்தவர்கள் அடித்தது உண்மை, அதற்காக அவர்கள் நாசமாய்ப் போனாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் இந்தப் பழி அவர்களுடையது இல்லை. அதை அவர்கள் தலையில் வைத்துவிட்டு அதற்குப் பின்னால் நான் ஒளித்துக்கொண்டேன். ஒருவரும் என்னைப் பிடிக்கப்போவதில்லை.

பிரஷர் கூடியிருந்தது. நாளுக்கு ஒரு குளிசை என்றிருந்ததை இரண்டு குளிசையாக்கி எழுதினேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரச் சொன்னேன், வந்தார். அதற்குப் பிறகு பத்து வருடமாக வருகிறார். நான் எழுதிக் கொடுத்த குளிசையில் ஒரு வேளையைக்கூட அவர் இதுவரை தவறவிட்டதில்லை.